வந்த நான்காம் நாளே ஊர் திரும்பத் தோன்றினால்

கேள்வி:

எனக்கு வயது 64. பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். மகன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் வேலை பார்க்கிறான். மூன்று மாத விசாவில் போன சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வந்து இறங்கினேன். மறுநாள் ஜன்னல் வழியே பார்த்தால் தெருவில் ஈ காக்கை இல்லை. கடை எல்லாம் பூட்டு. திங்கட்கிழமையும் அப்படியே. ஊரே காலி செய்துகொண்டு போய்விட்டதோ என்று இருந்தது.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பேரனுக்காகத் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்சியைப் போட்டேன். கீழ் வீட்டு அம்மாள் ஏறி வந்து மணி அடித்து, மகனிடம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். "அம்மா, இங்கெல்லாம் இப்படிச் சத்தம் போடக் கூடாதும்மா" என்றான் மகன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் உடம்பு கூசிவிட்டது. அதிலிருந்து அடுப்படிக்குப் போகவே பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை முதல் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். ராத்திரி தூக்கமே இல்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வெளிநாடு போகிறவர்கள் எல்லாம் போட்டோ அனுப்பிச் சந்தோஷப்படுகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் இப்படி? டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிவிடலாமா? மகனிடம் இதை எப்படிச் சொல்வது?

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள அம்மா,

டிக்கெட்டை இப்போது மாற்ற வேண்டாம். மூன்று வாரம் போகட்டும். அதன் பிறகும் இதே எண்ணம் இருந்தால் தாராளமாக மாற்றிக்கொண்டு கிளம்புங்கள், அதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இந்த நான்கு நாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் ஆசிரியை. காரணம் சொல்லாமல் ஒன்றைச் செய்யச் சொன்னால் ஏற்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மின்னஞ்சல் வந்த நேரத்தைப் பார்த்தேன். ஜெர்மனியில் அதிகாலை 2.50. கோடைகாலத்தில் அந்த நாட்டுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அப்படியென்றால் பாளையங்கோட்டையில் அப்போது காலை 6.20. வீட்டில் இருந்திருந்தால் அந்நேரம் வாசல் தெளித்து, பால் வாங்கி, முதல் காபியும் குடித்து முடித்திருப்பீர்கள். உங்கள் உடம்பு இன்னும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நடுராத்திரியில் விழித்துக்கொண்டு, பேச ஆளில்லாமல், மற்றவர்கள் தூக்கம் கெடுமே என்று விளக்கைக்கூடப் போடாமல் படுத்துக் கிடப்பவருக்கு எந்த ஊர்தான் நல்ல ஊராகத் தோன்றும்? தூக்கம் குறைந்தால் சின்ன வருத்தமும் பெரிதாகிவிடும். அடுத்தவர் முகம் சும்மா இருந்தாலே வெறுப்பாகத் தெரியும். உங்கள் மனசு பலவீனமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடம்பின் கடிகாரம் புது ஊர் நேரத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். நீங்கள் இதைப் படிக்கும்போது பெரும்பகுதி நகர்ந்திருக்கும்.

அதை விரைவுபடுத்த ஒரு வழி உண்டு. மேற்கே பயணம் போனவர்களுக்குச் சாயங்கால வெளிச்சம்தான் மருந்து. ஸ்டுட்கார்ட்டில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். ஏழு மணிக்கே உங்களுக்குக் கண்ணைச் சொக்கும், ஏனென்றால் நம்மூரில் அது பத்தரை. அப்போது படுத்துவிடாதீர்கள். பேரனைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், அவன் தூங்கும் நேரம் வந்துவிட்டால் பால்கனியிலாவது உட்காருங்கள். ஒன்பது மணிக்கு மேல் படுக்கப் போகும்போது ஜன்னலின் உருட்டுத் திரையை இறக்கிவிடுங்கள். அங்கே பல வீடுகளில் ஜன்னல் ஓரச் சுவரில் பட்டையான நாடா ஒன்று இருக்கும். இழுத்தால் திரை ஏறும், விட்டால் இறங்கும். சட்டென்று கையை விட்டால் தடதடவென்று விழும், அதனால் நாடாவைப் பிடித்தபடியே மெல்ல விட வேண்டும். முழுக்க இறக்கினால் அறை கும்மிருட்டு ஆகிவிடும். மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் ஒரு சாண் விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி விழிப்பு வந்தால் போனைத் திறக்காதீர்கள். காபியும் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ வேறு எதற்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று ஊரில் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் மகனை விட்டு ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் என்றால் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

அடுத்தது, நீங்கள் போய் இறங்கிய நாள். திங்கட்கிழமையும் கடை பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை. பாளையங்கோட்டைக்காரரான உங்களுக்குப் பெந்தெகொஸ்தே ஞாயிறு தெரிந்திருக்கும். அதற்கு மறுநாளும் ஜெர்மனி முழுக்க அரசு விடுமுறை என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் அதையொட்டிப் பள்ளிகளுக்கும் இரண்டு வாரம் லீவு. பிள்ளைகுட்டி உள்ள குடும்பங்கள் பல அந்த நாட்களில்தான் வெளியூர் கிளம்பும். வருஷத்திலேயே தெரு மிகவும் வெறிச்சோடிக் கிடக்கும் நாட்களில் ஒன்றைத்தான் நீங்கள் முதல் நாளாகப் பார்த்திருக்கிறீர்கள்.

சாதாரண ஞாயிறும் அங்கே அமைதியாகத்தான் இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1919-இல் எழுதப்பட்ட வைமர் அரசியல் சட்டத்தின் 139-வது பிரிவு, ஞாயிறையும் அரசு விடுமுறைகளையும் வேலையிலிருந்து ஓய்வு கொள்ளும் நாட்களாகச் சட்டம் காக்கும் என்றது. 1949-இல் இப்போதைய அரசியல் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை அப்படியே அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் ஞாயிறன்று பெரிய ரயில் நிலையக் கடைகள், பெட்ரோல் பங்க், காலையில் சில மணி நேரம் பேக்கரி, முறை வைத்துத் திறக்கும் மருந்துக்கடை இவற்றைத் தவிர மற்ற கடைகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷினை ஓட்டக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் போடக்கூடக் கூடாது, விழுந்து உடையும் சத்தம் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும் என்பதால். இந்தக் கட்டுப்பாடு வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமல்ல. ஞாயிறன்று சுவரில் துளை போட்டதற்காக ஜெர்மானியருக்கும் ஜெர்மானியருக்கும் சண்டை வரும்.

அப்படியானால் ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பீர்கள். காட்டுப் பாதையில் நடக்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டைச் சுற்றிக் குன்றுகள், நகருக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள். அடுத்த ஞாயிறு பிற்பகல் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் ஊன்றுகோலோடு சாவகாசமாக நடந்து வருவார்கள், பாதையில் எதிர்ப்பட்டால் முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். தெருவில் பார்க்கக் கிடைக்காத அந்த ஊரை அங்கே பார்க்கலாம்.

முதல் கோணல் முற்றும் கோணல் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் பற்றி உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. 1946-இல் சாலமன் ஆஷ் என்பவர், ஒரு மனிதரின் ஆறு குணங்களைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்: புத்திசாலி, உழைப்பாளி, யோசிக்காமல் செய்பவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். வேறு சிலருக்கு அதே ஆறையும் பொறாமையில் தொடங்கித் தலைகீழாக வாசித்தார். முதல் கூட்டத்தார் கேள்விப்பட்ட மனிதர் அவர்களுக்குத் திறமைசாலியாகத் தெரிந்தார், ஏதோ சில குறைகள் உண்டு அவ்வளவுதான். இரண்டாம் கூட்டத்துக்கோ அவர் குறைகள் மிகுந்தவர், இருக்கிற திறமையும் அதனால் வெளியே வராதவர். பட்டியல் ஒன்றுதான். முதலில் காதில் விழுந்தது பின்னால் வந்த எல்லாவற்றின் மேலும் தன் சாயத்தைப் பூசிவிட்டது.

உங்களுக்கு ஜெர்மனி தலைகீழாக வாசிக்கப்பட்டிருக்கிறது. தூக்கமில்லாத ராத்திரி, பூட்டிய கடை, சுளித்த முகம் என்று வரிசை ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு செவ்வாய்க்கிழமை கடைக்காரர் சிரித்திருந்தாலும் அது உங்கள் கணக்கில் ஏறியிருக்காது. முதல் எண்ணத்தை அழிக்க முடியாது, அழிக்கவும் தேவையில்லை. அதன் மேல் தீர்ப்பு எழுதாமல் இருந்தால் போதும்.

"எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. புது நாட்டுக்குப் போனவர் முதலில் பூரிப்பார், சில காலம் கழித்துத் துவண்டுபோவார், பிறகு மெல்ல ஒட்டிக்கொள்வார் என்று ஒரு கருத்து நெடுநாளாக இருந்தது. 1950-களிலும் 60-களிலும் நார்வேயின் சமூகவியலாளர் லீஸ்கார்ட், மானிடவியலாளர் ஓபெர்க் போன்றவர்கள் எழுதியதிலிருந்து பரவியது அது. நீங்கள் முதலிலேயே துவண்டுபோனதால் உங்களிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறீர்கள். ஆனால் 1998-இல் உளவியலாளர் கொலீன் வார்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சிரமம் அதிகமாக இருந்தது வந்து இறங்கிய புதிதில்தான், பிறகு அது குறைந்துகொண்டே போனது. வாலிபப் பிள்ளைகளுக்கே அப்படி. கணவர் இல்லாமல், இந்த வயதில், பாஷை தெரியாத ஊருக்குப் போன உங்களுக்கு முதல் வாரம் கனமாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போட்டோ அனுப்புகிறவர்களும் ராத்திரி இரண்டே முக்காலுக்கு எடுத்த போட்டோவை அனுப்புவதில்லை.

இனி கீழ் வீட்டு அம்மாள். உங்கள் கடிதத்தில் நிஜமாக வலிக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் வகுப்பில் "சத்தம் போடாதே" என்று சொன்னவர் நீங்கள். பேரன் பக்கத்தில் நிற்க, பெற்ற பிள்ளை வாயிலிருந்து அதே வார்த்தையைக் கேட்க வேண்டி வந்துவிட்டது. பிள்ளைக்கு ஆசையாகச் செய்யப்போன காரியம் வேறு. கூசாமல் என்ன செய்யும்?

அந்த அம்மாளைப் பொறுத்தவரை, நடந்தது பெரும்பாலும் சொன்னதோடு முடிந்துபோயிருக்கும். நம்மூரில் ஒருவர் மணி அடித்துக் குறை சொன்னால் அது சண்டை, அப்புறம் மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோம். அங்கே குறையை நேரே வந்து சொல்லிவிடுவதுதான் வழக்கம், மறுநாள் படிக்கட்டில் பார்த்தால் அவரே வணக்கம் சொல்வார். அதற்காக எல்லா முகச் சுளிப்பையும் இப்படிச் சமாதானம் சொல்லி மூடிவிட மாட்டேன். உங்கள் நிறத்தை வைத்தோ சேலையை வைத்தோ யாராவது மரியாதைக் குறைவாக நடந்தால் அது வேறு விஷயம். நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்று அதை விழுங்காதீர்கள், அன்றைக்கே மகனிடம் சொல்லுங்கள். ஆனால் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு ஓடிய மிக்சி அந்த வகையில் சேராது.

செய்ய வேண்டியது எளிது. அடுத்த முறை படிக்கட்டில் அவரைப் பார்க்கும்போது முந்திக்கொண்டு "ஹலோ" சொல்லுங்கள். ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்கள் எதிர்ப்படும்போது வணக்கம் சொல்லாமல் போவதுதான் அங்கே உண்மையில் மரியாதைக் குறைவு. ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு, "கேர்வோக்க" என்பார்கள். படிக்கட்டையும் வாசலையும் குடித்தனக்காரர்கள் வாரம் ஒருவராக முறை வைத்துப் பெருக்கித் துடைப்பார்கள். இந்த வாரம் யார் முறையோ அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கும். மகன் வீட்டுக் கட்டிடத்தில் அந்த வழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்து, உங்கள் முழங்காலும் இடம் கொடுத்தால், முறை வரும்போது மருமகளோடு நீங்களும் துடைப்பத்தை எடுங்கள். விருந்தாளியாக மேலே உட்கார்ந்திருப்பவரைவிட, தன் வீட்டுப் படியைத் தானும் பெருக்குகிறவரோடு அந்த அம்மாளுக்குப் பேச்சுக் கொடுப்பது சுலபமாக இருக்கும். ஜெர்மனியில் பத்தில் நான்கு வீடுகளில் ஒரே ஒருவர்தான் வசிக்கிறார். கீழ் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம்.

அவரிடம் சொல்ல உங்கள் கையில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. உங்கள் ஊர் ஊசிக்கோபுரம் தேவாலயத்தை எழுப்பிய பாதிரியார் ரேனியஸ் ஐயர் ஜெர்மானியர்தானே. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணம் எழுதி, 1838-இல் அங்கேயே காலமானவர். இதை மகனையோ மருமகளையோ ஜெர்மனில் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, கேட்டால் நிச்சயம் நின்று பேசுவார்.

மிக்சி விஷயத்தில் இனி அரைகுறை பயம் வேண்டாம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி, ஞாயிறும் பண்டிகை நாளும் நாள் முழுக்க அமைதி என்பது பொது வழக்கம். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரையும் சில கட்டிடங்களில் சத்தம் கூடாது. பெரும்பாலான குடியிருப்புகளில் இதற்கென்று அச்சடித்த விதித்தாள் ஒன்று இருக்கும். மகனை உட்காரவைத்து அதை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எது கூடாது என்று மட்டும் தெரிந்தால் எல்லாமே கூடாது என்றுதான் தோன்றும், எது ஆகும் என்றும் தெரிய வேண்டும். வேலை நாளில் காலை எட்டு மணிக்கு மேல், அடியில் ஒரு மடித்த துண்டை விரித்து, நிம்மதியாகச் சட்னி அரையுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமையே அரைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சரி, மகனிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு இந்த ஊர் பிடிக்கலை" என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் கஷ்டப்பட்டு அமைத்துக்கொண்ட வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக அது அவன் காதில் விழும். உடனே ஜெர்மனிக்காக வாதாட ஆரம்பித்துவிடுவான், உங்கள் வருத்தம் நடுவில் காணாமல் போகும். உங்களுக்கு என்ன குறைகிறதோ அதைச் சொல்லுங்கள். "அய்யா, பகல்ல ஒரு குரல் கேக்க மாட்டேங்குது. நீ வேலைக்குப் போனப்புறம் நான் தனியா கீழே இறங்கிப் போய்ட்டு வரணும். எனக்கு வழி காட்டிக் குடு" என்று கேளுங்கள். இதற்கு அவன் பதில் சொல்ல முடியும், காரியமும் செய்ய முடியும். மிக்சி விஷயத்தில் மனசு நொந்ததையும் ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்தால் அது வேறு எதிலாவது கோபமாக வெளியே வரும்.

இந்தப் பதிலை உங்கள் மகனிடமும் காட்டுங்கள், ஏனென்றால் அவருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. தம்பி, நீங்கள் அங்கே பல வருஷம் இருந்துவிட்டீர்கள். அந்த அமைதி உங்களுக்கு இப்போது காதில் விழுவதே இல்லை, அதனால் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று தோன்றாது. வந்த நாளிலிருந்து நீங்கள் அம்மாவிடம் சொன்னதில் "கூடாது" எத்தனை, "வாங்க, இதைப் பார்க்கலாம்" எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுச் சாவி ஒன்றை அம்மா கையில் கொடுங்கள். அங்கே பல வீட்டுக் கதவுகள் வெளியே வந்து சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், சாவி கையில் இல்லாத ஒருவர் குப்பை கொட்டக்கூடத் தைரியமாக இறங்க மாட்டார். முகவரியையும் உங்கள் போன் நம்பரையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் பர்சில் வையுங்கள். அம்மாவின் போனுக்கு அந்த ஊர் சிம் போட்டுக் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் சூப்பர் மார்க்கெட், பஸ் நிறுத்தம், உட்கார ஒரு பெஞ்சு, இந்த மூன்றுக்கும் ஒரு சாயங்காலம் நடந்தே கூட்டிப் போங்கள். அடுத்த நாள் அம்மா முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன் அம்மா. தனியாகச் செய்ய ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்வது காலி பாட்டில். அங்கே தண்ணீர், ஜூஸ் பாட்டில்களுக்கு விலையோடு முன்பணமும் வாங்கிக்கொள்வார்கள், ஒரு தடவை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். சூப்பர் மார்க்கெட் வாசல் பக்கம் ஒரு மெஷின் இருக்கும், அதன் முகத்தில் வட்டமாக ஒரு துளை. பாட்டிலை நசுக்காமல், லேபிள் கிழியாமல், அடிப்பக்கம் முதலில் போகும்படி படுக்கவைத்து நுழைக்க வேண்டும். மெஷின் அதை உள்ளே இழுத்து, உருட்டிப் பார்த்து, குறியீட்டைப் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். பிடிக்காவிட்டால் திருப்பித் தள்ளும், பயப்படாமல் இன்னொரு தடவை வையுங்கள். எல்லாம் போட்டு முடித்ததும் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதைக் காசாளரிடம் நீட்டினால் காசைக் கையில் கொடுப்பார், அல்லது வாங்கிய சாமானில் கழித்துக்கொள்வார். ஒரு வார்த்தை ஜெர்மன் தேவையில்லை. பேரனுக்கு லீவாக இருந்தால் அவனையும் கூட்டிப் போங்கள், பாட்டிலைப் போடுவதற்குப் பிள்ளைகள் போட்டி போடும். அந்தக் காசில் அவனுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். வந்த ஊரில் உங்கள் கையால் ஒரு காரியம் முழுசாக நடந்தது என்ற நினைப்பு உங்களுக்கு இந்த வாரம் மிகவும் தேவை.

காதுக்கும் ஏதாவது வேண்டும். அந்த ஊர் ஜன்னல்களில் கண்ணாடி இரண்டு மூன்று அடுக்கு. சாத்தியிருந்தால் வெளியே மழை பெய்வதுகூடக் கேட்காது, நீங்கள் ஊரின் அமைதி என்று நினைப்பதில் பாதி கண்ணாடியின் வேலை. கைப்பிடியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் கதவு போல முழுதாகத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து நிற்கும். விடிகாலையில் அப்படிச் சாய்த்து வையுங்கள். ஜூன் மாதம் நாலு மணிக்கே ஒரு பறவை பாட ஆரம்பிக்கும். உடம்பு கறுப்பு, அலகு மஞ்சள், நம் மைனா அளவு இருக்கும், குரல் அவ்வளவு இனிமை. பல ஊர்களில் தேவாலய மணியும் கேட்கும். ஊசிக்கோபுரத்து மணி கேட்டு வளர்ந்தவருக்கு அது புதுச் சத்தமாக இருக்காது.

மனிதக் குரல் வேண்டும் என்றால் சந்தைக்குப் போங்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் வாரத்தில் ஓரிரு நாள் காலையில் ஊர்ச் சதுக்கத்தில் சந்தை கூடும், எந்த நாள் என்று மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஸ்ட்ராபெரியும் செர்ரியும் வரும் காலம். அஸ்பாரகஸ் எனப்படும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு ஜூன் 24 வரைதான் கிடைக்கும் என்பதால் கிழவர் கிழவிகள் வரிசையில் நின்று வாங்குவார்கள். கிலோக்கணக்கில் வாங்க வேண்டும் என்று இல்லை, விரலைக் காட்டி நாலு பழம் வாங்கினாலும் முகம் கோணாமல் கொடுப்பார்கள். தமிழ்க் குரலும் கிடைக்கும். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்கள் ஜெர்மனி நெடுகக் கடைகளும் கோவில்களும் வைத்திருக்கிறார்கள். வடக்கே ஹாம் நகரத்தில் அவர்கள் எழுப்பி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்மன் கோவில் பெரியது, கோடையில் நடக்கும் தேருக்கு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தூரம்தான், ஆனாலும் ஒரு வார இறுதியில் போகலாம். முதல் வாரமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதலில் வீட்டைச் சுற்றியுள்ள நாலு தெரு பழகட்டும். இல்லாவிட்டால் கோவிலில் இருந்து திரும்பிய மறுநாள் வீடு இன்னும் வெறிச்சென்று தெரியும்.

இன்னொன்று. ஒரு நோட்டு வாங்கி இந்த வாரம் பார்த்ததையெல்லாம் எழுதி வையுங்கள், எரிச்சல் தந்ததையும் சேர்த்து. இப்போது உங்கள் கண்ணில் படுவது இரண்டு வாரம் கழித்துப் படாது, மகன் கண்ணில் படாமல் போனதைப் போலத்தான். உங்கள் முதல் எண்ணத்தை ஊரைப் பற்றிய முடிவாக எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன், அது பொய் என்று சொல்லவில்லை. பகலெல்லாம் ஆள் அரவமற்ற குடியிருப்பு என்பது உண்மை. அதில் முதியவர்கள் தனித்துப்போகிறார்கள் என்பதும் உண்மை. பிற்காலத்தில் நிரந்தரமாக மகனோடு வந்து தங்கலாமா என்ற கேள்வி எழும்போது, இந்த நோட்டு உங்களுக்கு யார் சொல்லும் யோசனையைவிடவும் உதவும்.

கடைசியாக, எப்போது காத்திருக்கக் கூடாது என்று. இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, அல்லது இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மூன்று வாரக் கணக்கை மறந்துவிட்டு மகனிடம் உடனே சொல்லி டாக்டரைப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் கோளாறுக்கு, இரவிலும் விடுமுறையிலும் அங்கே 116117 என்ற எண்ணில் மருத்துவரின் உதவி கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 112. விசாவுக்காக எடுத்த காப்பீட்டுத் தாள் எந்தப் பையில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து, மகனிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் விமானக் கம்பெனியிடம் விசாரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விசாரித்தால் மட்டும் போதும். வேண்டும்போது கிளம்பலாம் என்று தெரிந்தால் இருப்பதே கொஞ்சம் லேசாகும். மூன்றாவது வாரம் முடியும் சனிக்கிழமையைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்குப் பகல் வெளிச்சத்தில், சாப்பிட்ட பிறகு, மகனும் மருமகளும் கூட இருக்கும்போது உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். என்ன முடிவு என்றாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.